குடும்ப மரம் எந்த அலமாரியில் இருக்கிறது?

குன்னூரில் என்னைத் தெரிந்தவர்களுக்கு, நான் பழைய புத்தகம் புரட்டுகிற ஆள் என்பதும் தெரியும். அதனால் மாதத்துக்கு ஒருவராவது வந்து கேட்டுவிடுவார்: "எங்க பரம்பரை லிஸ்ட் லைப்ரரில இருக்குமாமே, எந்த புக்கு?" விளையாட்டுக்குக் கேட்பதில்லை. எங்கோ ஓர் அலமாரியில், தடித்த அட்டை போட்ட புத்தகத்தில், தன் தாத்தா, அவருடைய தாத்தா என்று வரிசையாக எழுதி வைத்திருப்பதாக உண்மையிலேயே நம்புகிறார். இளவட்டங்களுக்கு அலமாரிக்குப் பதில் ஓர் ஆப். பெயரை அடித்தால் மரம் முளைத்துவிடும்.

2025 இறுதியில் வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தம் வந்த பிறகு இந்தக் கேள்வி அதிகமாகிவிட்டது. 2002, 2005 பட்டியல்களில் அப்பா அம்மா பெயர் எங்கே என்று தேடியவர்களில் பலர், ஒரு பழைய அரசுப் பட்டியலை எழுத்தெழுத்தாகப் படித்தது அதுதான் முதல்முறை. பெயர் இருந்தது, இனிஷியல் வேறாக இருந்தது. வீட்டு எண் இருந்தது, தெரு வேறாக இருந்தது. இருபது வருடத்துக்கே இந்தப் பாடு என்றால் நூறு வருடம் பின்னால் போவது எப்படி?

போகலாம். நூலகத்திலிருந்தே தொடங்கலாம். ஆனால் நூலகம் எதைத் தரும், எதைத் தராது என்று முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

இரண்டு சொற்களை இப்போதே சொல்லிவிடுகிறேன். யாருக்கு யார் பிள்ளை, யாரை யார் மணந்தார் என்று தலைமுறை தலைமுறையாகக் கோத்துக் காட்டுவது கொடிவழி. வம்சாவளி, குடும்ப மரம் என்று சொல்வதும் அதைத்தான். ஓர் ஊர் எப்போது உண்டானது, யார் ஆட்சியில் இருந்தது, தோட்டத்தை யார் திறந்தார்கள், சாலை எப்போது வந்தது என்று சொல்வது உள்ளூர் வரலாறு. பலர் முதலாவதை மட்டும் கேட்டுக்கொண்டு வருகிறார்கள். இரண்டாவது கைக்கு வராமல் முதலாவது கிடைக்காது என்பது என் கட்சி.

பெயரை வைத்துத் தேடினால் ஏன் சிக்காது?

"ராமன், கோத்தகிரி" என்று மட்டும் எழுதிய கடிதத்தைத் தபால்காரரிடம் கொடுத்துப் பாருங்கள். எந்த ராமன், எந்த ஹட்டி (படுகர் ஊர்), யார் மகன் என்று கேட்பார். பெயர் கயிறு மாதிரி. அதைக் கட்டி வைக்க ஒரு முளை வேண்டும். அந்த முளை ஊர்.

வெள்ளைக்காரக் குடும்பங்களில் ஒரே குடும்பப் பெயர் தலைமுறைகளைத் தாண்டி வருகிறது. இணையத்தில் இருக்கும் வம்சாவளித் தளங்கள் பெரும்பாலும் அந்த வழக்கத்துக்காகக் கட்டப்பட்டவை. நம்மிடம் இருப்பது இனிஷியல். அது ஒரு தலைமுறைதான் தாங்கும். கருப்பையாவின் மகன் கே. மாரிமுத்து. மாரிமுத்துவின் மகன் எம். கருப்பையா, ஏனென்றால் தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பது வழக்கம். பேரன் என்ற சொல்லே பெயரன்தான். அந்தக் கருப்பையாவுக்கு மகன் பிறந்தால் மறுபடியும் ஒரு கே. மாரிமுத்து. அறுபது வருட இடைவெளியில் ஒரே ஊரில், ஒரே வீட்டில், ஒரே இனிஷியலோடு இரண்டு பேர். பெயரை மட்டும் பார்த்து இருவரையும் ஒருவராக்கிவிட்டால் இடையில் ஒரு தலைமுறையே காணாமல் போய்விடும்.

வருடத்திலும் இதே சிக்கல். "தாது வருஷம் பிறந்தவர்" என்று வீட்டில் சொல்வார்கள். தமிழ் வருடங்கள் அறுபது ஆண்டுக்கு ஒருமுறை திரும்பி வருபவை. தாது 1876–77, அதுவே 1936–37, அதுவே 1996–97. பெரும்பஞ்சம் வந்த தாதுவா, அதற்கு அடுத்ததா? இதற்கு மலையில் ஒரு நல்ல வழி உண்டு. ரயில் 1899இல் குன்னூர் வரை வந்தது, 1908இல் ஊட்டி வரை போனது. "அவர் பிறந்தபோது ஊட்டிக்கு ரயில் இருந்ததா?" என்று பாட்டியைக் கேட்டால், எந்தத் தாது என்று தெரிந்துவிடும்.

அண்ணன் என்றால் எந்த அண்ணன்?

பெயருக்கு அடுத்த குழி, உறவுச்சொல். அப்பாவின் அண்ணன் மகனும் நமக்கு அண்ணன்தான். அம்மாவின் அக்காள் மகனும் அண்ணன்தான். தாத்தாவின் தம்பியும் தாத்தா. வயதான ஒருவரிடம் "உங்களோடு பிறந்தவர்கள் எத்தனை பேர்?" என்று கேட்டால், அன்போடு எட்டுப் பேரைச் சொல்வார். அதில் மூன்று பேர் வேறு தாய்க்குப் பிறந்தவர்களாக இருப்பார்கள். அவர் பொய் சொல்லவில்லை. மொழி அப்படி.

இந்தச் சிக்கலை அவிழ்க்கும் முறை ஒன்று நம் மலையிலேயே புடம் போடப்பட்டது என்பது பலருக்குத் தெரியாது. டபிள்யூ. எச். ஆர். ரிவர்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1898இல் டோரஸ் நீரிணைத் தீவுகளுக்கு ஆய்வுக்குப் போனபோது கொடிவழி சேகரிக்கும் முறை ஒன்றை உருவாக்கினார். பிறகு 1901–02இல் நீலகிரிக்கு வந்து தோடர் பழங்குடியினரிடம் அதே முறையில் குடும்பம் குடும்பமாகக் கேட்டு எழுதினார். 1906இல் வெளியான அவருடைய புத்தகத்தின் பின்பகுதியில் அந்தக் கொடிவழிப் பட்டியல்கள் அச்சாகியிருக்கின்றன. உலகம் முழுக்க மானிடவியல் மாணவர்கள் இன்றும் படிக்கிற முறை இது. இதைச் சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் ஊர்ப்பெருமை வருவதை மறைக்கவில்லை.

முறை மிக எளிது. தந்தை, தாய், பிள்ளை, கணவன், மனைவி என்ற ஐந்து சொற்களை மட்டுமே கேள்வியில் பயன்படுத்த வேண்டும். அண்ணன், மாமா, சித்தி எதுவும் கூடாது. "உங்களைப் பெற்ற தாய் யார்? அவருக்கு வேறு பிள்ளைகள் உண்டா? ஒவ்வொருவரும் யாரை மணந்தார்கள்? அவர்களுக்குப் பிள்ளைகள்?" இப்படிக் கேட்டால் அண்ணன்கள் தாமாகவே தங்கள் தங்கள் கிளையில் போய் உட்கார்ந்துவிடுவார்கள். வீட்டில் செய்து பாருங்கள். அரை மணி நேரத்தில் ஒரு பக்கம் நிரம்பும். கூடவே ஒரு சண்டையும் வரலாம், அதற்கு நான் பொறுப்பில்லை.

ரிவர்ஸுக்கு இரண்டு இடத்தில் தடங்கல் வந்தது. இறந்துபோன முன்னோரின் பெயரைச் சொல்லக் கூடாது என்ற விலக்கு தோடர்களிடம் இருந்தது. ஆகவே ஒரு குடும்பத்தின் கொடிவழியை வேறு குடும்பத்தாரிடம் கேட்டு எழுத வேண்டியதாயிற்று. இன்னொன்று, "தந்தை" என்ற சொல். அக்காலத்தில் சகோதரர்கள் சேர்ந்து ஒரு பெண்ணை மணக்கும் வழக்கம் அவர்களிடம் இருந்தது. கர்ப்ப காலத்தில் வில் கொடுக்கும் சடங்கைச் செய்பவரே பிள்ளைக்குத் தந்தை. பதிவேட்டில் "தந்தை" என்று இருப்பது எப்போதுமே சமூகம் ஒப்புக்கொண்ட தந்தைதான். தோடர் குடும்பமானாலும் நம் குடும்பமானாலும் அப்படித்தான். தத்துப் பிள்ளைகள் உள்ள வீட்டுக்காரர்களுக்கு இது புதிதில்லை.

இதுவரை பார்த்தது இவ்வளவுதான். பெயர் மட்டும் போதாது, ஊரும் வருடமும் வேண்டும். உறவைக் கேட்கும்போது ஐந்து சொல்லுக்கு மேல் போகக் கூடாது. இது வீட்டில் செய்யும் வேலை. இதை முடிக்காமல் நூலகத்துக்குப் போனால் நூலகர் பாவம், என்ன எடுத்துத் தருவார்?

நூலகம் வேறு, காப்பகம் வேறு

பஸ் ஸ்டாண்டில் "விசாரணை" என்று எழுதிய கூண்டு ஒன்று இருக்கும். மஞ்சூர் பஸ் எப்போது என்று கேட்டால் நேரம் சொல்வார்கள், நிற்கும் இடத்தைக் காட்டுவார்கள். அந்தக் கூண்டே நம்மை மஞ்சூருக்குக் கூட்டிப்போகாது. நூலகம் அந்தக் கூண்டு. பஸ் நிற்கும் இடம் காப்பகம், அதாவது அலுவலகங்களின் மூலப் பதிவேடுகளைக் காலம் கடந்தும் வைத்திருக்கும் இடம். சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகம் அப்படிப்பட்டது. சார்பதிவாளர் அலுவலகம், நகராட்சி, தேவாலயம், தோட்ட அலுவலகம் ஆகியவையும் தங்கள் பதிவேடுகளைப் பொறுத்தவரை சின்னச் சின்னக் காப்பகங்களே.

இதையே வேறு விதமாகவும் சொல்வார்கள். சம்பவம் நடந்தபோதே, அதில் சம்பந்தப்பட்டவர் எழுதியது முதன்மைச் சான்று: பிறப்புப் பதிவு, கிரயப் பத்திரம், சம்பளப் பதிவேடு. அப்படிப்பட்ட பலவற்றைப் பார்த்துப் பிறகு ஒருவர் தொகுத்து எழுதியது இரண்டாம் நிலைச் சான்று. நூலகத்தில் நமக்குக் கிடைப்பது பெரும்பாலும் இரண்டாவது வகை.

நீலகிரியில் இன்னொரு குழப்பம். ஊட்டியில் "நீலகிரி லைப்ரரி" என்பது 1859இல் தொடங்கப்பட்ட சந்தா நூலகம். சிஷோம் என்ற கட்டடக் கலைஞர் வடிவமைத்து 1860களின் இறுதியில் கட்டி முடித்த சிவப்புக் கட்டடத்தில் இன்றும் இருக்கிறது. உறுப்பினர்களுக்கானது. மாவட்ட மைய நூலகமும், அதன் கீழ் வரும் கிளை நூலகங்களும், ஊர்ப்புற நூலகங்களும் வேறு. அவை 1948ஆம் ஆண்டு பொது நூலகச் சட்டத்தின் வழியாக வந்தவை. நாம் கட்டும் சொத்து வரியோடு சேர்த்து வாங்கும் நூலக வரியில் நடப்பவை. சுதந்திர இந்தியாவில் முதலில் வந்த நூலகச் சட்டம் அதுதான். அதன் பின்னணியில் உழைத்தவர் நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதன். ஒருமுறை சந்தா நூலகத்தின் வாசலில் இருந்து திரும்பி வந்துவிட்டு, "லைப்ரரில விடமாட்டேங்கறாங்க" என்று தேடலையே கைவிட்ட ஒருவரை எனக்குத் தெரியும். அவர் வீட்டிலிருந்து கிளை நூலகம் பத்து நிமிட நடை.

பொது நூலகத்தில் கேட்க வேண்டிய பகுதி குறிப்புதவிப் பிரிவு. வீட்டுக்கு எடுத்துப்போக விடாமல் அங்கேயே உட்கார்ந்து பார்க்கச் சொல்லும் புத்தகங்கள் அங்கேதான் இருக்கும். நம் மாவட்டத்துக்கு இரண்டு நூல்கள் முக்கியம். ஒன்று, எச். பி. கிரிக் 1880இல் தொகுத்த மாவட்டக் கையேடு. மற்றது, டபிள்யூ. பிரான்சிஸ் 1908இல் எழுதிய மாவட்டக் கெஜட்டியர். கெஜட்டியர் என்றால் ஒரு மாவட்டத்தின் நிலம், மக்கள், வரி, ஊர்கள் எல்லாவற்றையும் அதிகாரிகளுக்காகத் தொகுத்த கையேடு. இரண்டும் இன்டர்நெட் ஆர்கைவ் தளத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. ஆகவே கிளை நூலகத்தில் இல்லை என்றாலும் கவலையில்லை. மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் மாவட்டக் கையேடுகளையும் கேளுங்கள். கிராமம் கிராமமாக எண்ணிக்கை அதில் இருக்கும். பழங்குடிக் குடும்பங்களைப் பற்றித் தேடுபவர்கள் முத்தோரை பாலாடாவில் உள்ள பழங்குடியினர் ஆய்வு மையத்தையும் மறக்க வேண்டாம்.

கெஜட்டியரைக் கையில் எடுத்தால் உங்கள் தாத்தா பெயரைத் தேடாதீர்கள், இருக்காது. முன்னட்டையிலிருந்து படிக்கவும் ஆரம்பிக்க வேண்டாம். கடைசிப் பக்கங்களில் அகரவரிசைச் சுட்டு இருக்கும். அங்கே ஊரைத் தேடுங்கள். எழுத்துக்கூட்டல் நம்மைப் படுத்தும். உதகமண்டலத்தை அவர்கள் பலவிதமாக எழுதினார்கள். 1821இல் ஒரு பத்திரிகையில் அது "வோட்டோக்கிமண்ட்". கோத்தகிரி "கோட்டர்கெர்ரி" ஆகும், கேத்தி "கைட்டி" ஆகும். வெலிங்டனை அந்தப் பெயரில் 1860க்கு முந்தைய காகிதத்தில் தேடினால் கிடைக்காது. அதுவரை அது ஜக்கதல்லா. பக்கத்திலிருக்கும் ஜெகதளா ஊரின் பெயரைத்தான் அப்படி எழுதினார்கள். ஒரு வழி: ஊர்ப் பெயரை வாய்விட்டு நாலு விதமாகச் சொல்லிப் பாருங்கள். காது கேளாத வெள்ளைக்காரர் ஒருவர் எழுதிக்கொள்வதாக நினைத்துக்கொள்ளுங்கள். ஐந்தாவது முறை கண்டுபிடித்துவிடுவீர்கள்.

ஊர் நகரவில்லை, எல்லை நகர்ந்தது

உள்ளூர் வரலாறு ஏன் முதலில் வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது. பதிவேடு என்பது ஊரோடு போவதில்லை, ஊரை ஆண்ட அலுவலகத்தோடு போகும். வீடு மாறினால் ரேஷன் கடை மாறுகிறது. வீடு மாறாமலே கடை எல்லை மாறினாலும் கடை மாறுகிறது அல்லவா? அதே கதை.

ஜான் சலிவன் 1819இல் இந்த மலைக்கு வந்தபோது அவர் கோயம்புத்தூர் கலெக்டர். மலை அவர் ஆட்சியில் இருந்தது. 1830இல் மலையின் மேற்குப் பகுதி மலபார் மாவட்டத்துக்குப் போனது. 1843இல் திரும்பக் கோயம்புத்தூருக்கு வந்தது. 1868இல் தனியாகப் பிரித்து ஒரு கமிஷனரின் கீழ் வைத்தார்கள். 1877இல் தென்கிழக்கு வயநாடு, அதாவது இன்றைய கூடலூர், பந்தலூர் பக்கம், மலபாரிலிருந்து நீலகிரியோடு சேர்ந்தது. 1882இல்தான் கமிஷனர் போய்க் கலெக்டர் வந்தார்.

இதை வைத்து ஒரு கணக்குப் போடலாம். கூடலூர் பக்கத்துக் குடும்பம் ஒன்று 1870ஆம் ஆண்டு நிலத் தகராறு ஒன்றைத் தேடுகிறது. ஊட்டியில் எவ்வளவு கேட்டாலும் கிடைக்காது, ஏனென்றால் அந்த ஆண்டில் கூடலூர் மலபாரில் இருந்தது. மலபார் மாவட்டக் கோப்புகளின் பக்கம் போக வேண்டும். அங்கே நிலம் ரயத்துவாரியும் அல்ல, ஜன்மம். ரயத்துவாரி என்றால் பயிரிடுபவர் அரசுக்கு நேரே வரி கட்டும் முறை. ஜன்மம் என்றால் பரம்பரை உடைமையாளர் ஒருவருக்குக் கீழ் மற்றவர்கள் நிலத்தை வைத்திருக்கும் முறை. கூடலூர் ஜன்ம நிலங்களுக்கு 1969இல் தனிச் சட்டமே போட வேண்டியிருந்தது, அதன் வழக்குகள் இன்னும் ஓய்ந்தபாடில்லை. ஆகவே அந்தப் பக்கத்துப் பழைய காகிதத்தில் உங்கள் தாத்தா நிலத்தின் சொந்தக்காரராக இல்லாமல், யாரோ ஒரு ஜன்மியின் குடியானவராகத்தான் தென்படக்கூடும். அங்கே வீட்டுப் பெயரையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பல குடும்பங்களில் இனிஷியலைவிட வீட்டுப் பெயர் நீண்ட நாள் நின்றிருக்கிறது.

ஆக, நூலகத்தில் செய்ய வேண்டிய வேலை ஒரே கேள்விக்குப் பதில் கண்டுபிடிப்பது: இந்த ஊர், இந்த வருடத்தில், எந்த அலுவலகத்தின் கீழ் இருந்தது? அந்தப் பதில் கிடைத்துவிட்டால் காப்பகத்தில் சரியான கதவைத் தட்டலாம்.

பதிவேடுகளில் என்ன இருக்கும், என்ன இருக்காது

முதலில் இருக்காததைச் சொல்லிவிடுகிறேன். "சென்சஸ்ல எங்க தாத்தா பேரு இருக்குமே" என்று சொல்லாதவர் இல்லை. வீடு வீடாக வந்து எழுதிய படிவத்தை யாருக்கும் காட்ட மாட்டார்கள். 1948ஆம் ஆண்டு சென்சஸ் சட்டத்தின் 15ஆவது பிரிவு அதைத் தடுக்கிறது. இங்கிலாந்தில் நூறு வருடம் கழித்துத் திறந்துவிடுகிறார்கள் என்பதால் இங்கேயும் அப்படி என்று நினைத்துவிடுகிறோம். நமக்குக் கிடைப்பது எண்ணிக்கை மட்டும்.

வாரிசுச் சான்றிதழையும் சிலர் வம்சாவளி என்று எண்ணிக்கொள்கிறார்கள். இறந்தவருக்குச் சட்டப்படி யார் யார் வாரிசு என்று சொல்வதோடு அதன் வேலை முடிந்தது.

பிறப்பு, இறப்புப் பதிவு சென்னை மாகாணத்தில் 1899ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் நடந்தது. இன்று நாடு முழுவதும் இருப்பது 1969ஆம் ஆண்டுச் சட்டம். பழைய பிறப்புப் பதிவில் ஒரு வேடிக்கை உண்டு. பல பதிவுகளில் குழந்தைக்குப் பெயரே இருக்காது. பதிவு செய்த அன்று பெயர் வைத்திருக்க மாட்டார்கள். "ஆண்", அப்பா பெயர், ஊர், தேதி, அவ்வளவுதான். குழந்தையின் பெயரைச் சொல்லித் தேடச் சொன்னால் எழுத்தர் உதட்டைப் பிதுக்குவார். அப்பா பெயரும் சுமாரான தேதியும் சொன்னால் பக்கத்தைத் திருப்புவார். பெயரை விட்டு ஊரையும் நாளையும் பிடியுங்கள் என்று நான் முதலிலிருந்தே சொல்வது இதனால்தான்.

எனக்கு மிகவும் பிடித்தது நிலப் பத்திரம். ஒரு கிரயப் பத்திரத்தில் "இன்னாருடைய மகன் இன்னார்" என்று எழுதியே தீர வேண்டும். ஒரே வரியில் இரண்டு தலைமுறை. இந்தச் சொத்து எனக்கு எப்படி வந்தது என்றும் எழுதியிருக்கும்: "என் தகப்பனாருக்கு அவர் தகப்பனார் வழியில் பாத்தியப்பட்டு". மூன்றாவது தலைமுறையும் வந்துவிட்டது. அந்தச் சொத்தின் முந்தைய பத்திரத்தைத் தாய்ப்பத்திரம் என்பார்கள். அதைத் தேடிப்போனால் அதற்கும் ஒரு தாய் இருக்கும். பாகப்பிரிவினைப் பத்திரம் கிடைத்தால் அன்று விருந்துதான். அண்ணன் தம்பிகள் எல்லோரும், இறந்துபோன தம்பியின் மனைவி மக்கள் உட்பட, ஒரே காகிதத்தில் வரிசையாக நிற்பார்கள். எந்த அண்ணன் கூடப் பிறந்தவர், எந்த அண்ணன் பெரியப்பா மகன் என்ற சந்தேகம் அங்கே தீர்ந்துபோகும். பங்கு என்று வந்துவிட்டால் உறவில் யாரும் மழுப்ப மாட்டார்கள்.

கிறிஸ்தவக் குடும்பமானால் தேவாலயத்தின் ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவேடுகள் உண்டு. ஊட்டி புனித ஸ்டீபன் தேவாலயத்துக்கு 1829இல் அடிக்கல் நாட்டினார்கள். அதைச் சுற்றியுள்ள கல்லறைக் கற்களே ஒரு திறந்த பதிவேடு. கேத்தியில் 1840களிலேயே வந்திறங்கிய பாசல் மிஷனின் கடிதங்களும் படங்களும் சுவிட்சர்லாந்தில் பாசல் நகரத்துக் காப்பகத்தில் இருக்கின்றன. படங்களில் ஒரு பகுதியை இணையத்திலேயே பார்க்கலாம். பள்ளிச் சேர்க்கைப் பதிவேடு, பழைய வாக்காளர் பட்டியல் இரண்டும் கிடைத்தால் நல்லது. வயதை மட்டும் நம்ப வேண்டாம். பழைய பட்டியல்களில் முப்பது, முப்பத்தைந்து, நாற்பது என்று வயதுகள் ஐந்தைந்தாகத் தாவும்.

அப்பாயியின் தகர டப்பா

என் குடும்பத்துக்கு மலையில் நிலமும் இல்லை, தாய்ப்பத்திரமும் இல்லை. நாங்கள் சிலோன்காரர்கள். அப்பாயி, அதாவது அப்பாவின் அம்மா, ஒரு பிஸ்கட் டப்பாவில் காகிதங்களை வைத்திருந்தார். மூடியைத் திறக்க ஸ்பூன் காம்பு வேண்டும், அவ்வளவு துரு. உள்ளே நாலாக மடித்த குடும்ப அட்டை. ரேஷன் அட்டை இல்லை, இலங்கையிலிருந்து வந்தவர்களுக்குக் கொடுத்தது. மடிப்பு வரியெல்லாம் கிழிந்து, பின்னால் சோற்றுப் பசையால் ஒட்டிய தாள். தாத்தா பெயர், அவருக்குக் கீழே அப்பாயி, ஒவ்வொரு பிள்ளைக்கும் பெயர், உறவு, வயது. ஓரிடத்தில் ஒரு பெயரை அடித்திருந்தது. அந்தப் பிள்ளை மண்டபம் வந்து சேரவில்லை என்று மட்டும் அப்பாயி சொல்வார். அதற்கு மேல் நான் கேட்டதில்லை.

இந்தக் காகிதம் ஏன் உண்டானது என்று தெரிந்தால்தான் அதைப் படிக்க முடியும். 1964 அக்டோபர் 30இல் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் ஓர் ஒப்பந்தம் போட்டார்கள். இலங்கையில் நாடற்றவர்களாக இருந்த இந்திய வம்சாவளித் தமிழரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பது, 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தருவது. மிச்சமிருந்த 1,50,000 பேரை 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரம், அங்கிருந்து மண்டபம் முகாம், அப்புறம் அனுப்பிய இடம். வந்தவர்களுக்கு வேலை தருவதற்காக 1968இல் அரசு நீலகிரியில் தொடங்கிய தேயிலைத் திட்டம்தான் பிறகு 1976இல் டான்டீ என்ற கழகமானது.

ஆகவே எங்களைப் போன்ற குடும்பத்தில் சங்கிலி இப்படிப் போகும்: இங்கே தோட்டத்து வேலைப் பதிவு, அதற்கு முன் குடும்ப அட்டையும் பாஸ்போர்ட்டும், அதற்கு முன் இலங்கைத் தோட்டத்தின் செக்ரோல், அதாவது காலையில் வேலையாட்கள் கூடும் பெரட்டில் ஆள் எண்ணிப் பேர் போடும் பதிவேடு. அதற்கும் முன், திருச்சி, சேலம் பக்கத்துச் சொந்த ஊர். தோட்டத்துக்கு ஆள் சேர்த்துக் கூட்டிப்போகும் கங்காணி ஆள் கட்டிய காலத்துக்கு அந்த ஊர்ப் பெயர்தான் சாவி. இலங்கைத் தோட்டத்துக்குக் காகிதத்தில் ஒரு ஆங்கிலப் பெயரும் வாயில் ஒரு தமிழ்ப் பெயரும் இருக்கும். அப்பாயிக்குத் தமிழ்ப் பெயர் மட்டும்தான் தெரியும். ஃபெர்குசன் டைரக்டரி என்ற பழைய இலங்கைத் தொகுப்பில் தோட்டங்களின் பட்டியல் உண்டு. அதைப் பார்த்து, அட்டையிலிருந்த ஆங்கிலப் பெயரோடு ஒப்பிட்டு இடத்தைப் பிடிக்க எனக்கு மூன்று மாதம் ஆயிற்று.

இடையில் ஓர் அலுவலகத்தில் தாத்தாவின் வேலைப் பதிவைக் கேட்டேன். கரையான் தின்றுவிட்டது என்றார்கள். அடுத்த முறை போனபோது வேறொருவர், மழையில் நனைந்து போயிற்று என்றார். மூன்றாவது முறை போகவில்லை. மலையில் ஈரமும் கரையானும் உண்மையிலேயே உண்டு என்பதால் கோபப்படவும் முடியவில்லை. அதனால்தான் சொல்கிறேன், டப்பாவில் இருப்பதை இன்றே போட்டோ எடுத்து வையுங்கள். முன்பக்கம் மட்டும் எடுத்துவிட்டு நிறுத்தாதீர்கள், முத்திரைகள் பின்பக்கத்தில்தான் இருக்கும்.

மறுபடியும் ஒரு முறை: பதிவேடு எதற்காக உண்டாக்கப்பட்டது என்று கேளுங்கள். வரிக்கா, கூலிக்கா, குடியுரிமைக்கா? அது எந்தக் கேள்விக்காக எழுதப்பட்டதோ அந்த இடத்தில் நம்பலாம். போகிற போக்கில் எழுதியதை இன்னொரு காகிதத்தோடு ஒப்பிட வேண்டும்.

அச்சில் வந்ததெல்லாம் வேதமா?

கையேடும் கெஜட்டியரும் வழி காட்டும் என்றேன், வேதம் என்று சொல்லவில்லை. அவை ஆள்வதற்காக எழுதியவை. எட்கர் தர்ஸ்டன் 1909இல் ஏழு தொகுதியாகச் சாதிகள், குடிகள் பற்றி வெளியிட்டார். மனிதர்களின் தலையையும் மூக்கையும் அளந்து அவர்களை வகைப்படுத்தலாம் என்று நம்பியவர். அந்தக் கண்ணோடு எழுதியதை இந்தக் காலத்தில் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. படுகர்கள் மைசூர்ப் பக்கத்திலிருந்து குடியேறியவர்கள் என்று பழைய புத்தகங்கள் ஒரே குரலில் சொல்கின்றன. தாங்கள் இந்த மலையின் பூர்வகுடிகளே என்று சொல்லும் படுகர்கள் இன்று நிறையப் பேர். இதில் தீர்ப்புச் சொல்ல நான் யார்? ஆனால் 1908ஆம் ஆண்டுப் புத்தகத்தில் இருப்பது, அந்தக் காலத்து அதிகாரி யாரிடமோ கேட்டு எழுதியது என்று நினைவில் வைத்துக்கொண்டு படித்தால் ஏமாற மாட்டோம். ஒருவர் எழுதியதை அடுத்தவர் எடுத்தெழுத, நாலு புத்தகத்தில் ஒரே செய்தி வருவதும் உண்டு. அது நாலு சாட்சி ஆகாது, ஒரே சாட்சிதான்.

அடுத்தவர் குடும்பத்துக் கதையை எழுதும்போது அவர்களைக் கேட்டுவிட்டு எழுதுவது மரியாதை. ரிவர்ஸ் காலத்தில் சொல்லக் கூடாது என்று வைத்திருந்த பெயர்களெல்லாம் இன்று யார் வேண்டுமானாலும் படிக்கும்படி இணையத்தில் கிடக்கின்றன. அந்தப் பக்கங்களைப் புரட்டும்போது எனக்குச் சங்கடமாக இருக்கும். புரட்டாமலும் இருக்க மாட்டேன்.

சரி, நாளைக்கே தொடங்க நினைப்பவருக்கு: ஒரு முழுத் தாள், ஒரு பென்சில். வீட்டில் மூத்தவரிடம் ஐந்து சொற்களோடு உட்காருங்கள். ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் ஊரும், சுமாரான வருடமும், யார் சொன்னார்கள் என்பதும். தெரியாத இடத்தில் கேள்விக்குறி போடுங்கள், ஊகத்தால் நிரப்ப வேண்டாம். அந்தத் தாளோடு கிளை நூலகத்துக்குப் போய், "எங்க பரம்பரை லிஸ்ட் எங்கே?" என்று கேட்காமல், "1900 வாக்கில் இந்த ஊர் எந்தத் தாலுகாவில் இருந்தது?" என்று கேளுங்கள். நூலகர் நிமிர்ந்து பார்ப்பார். குறிப்புதவிப் பிரிவில் பேனா மூடியைத் திறக்காதீர்கள், பென்சில்தான். ஜூலை மாதமானால் ஸ்வெட்டரும் போட்டுக்கொள்ளுங்கள், அந்த அறைகளில் வெயில் வருவதில்லை.